ஓட்டுக்கூரைச் சிற்றாலயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் வழியில் மேட்டாங்காட்டுக்கு நடுவே நிற்கும் ஓர் ஓட்டுக்கூரைக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தின் அமைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் பூசை நடக்கும், எழுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அந்தச் சின்னக் கோயிலைப் பற்றிய கட்டுரைக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எண்ணவில்லை. கடிதங்களில் பெரும்பாலானவை, தேர்த்திருவிழாவை முன்னிட்டுத் தங்கள் கோயிலைப் பழுது பார்க்கத் தொடங்கியிருக்கும் கிளைக்கிராமங்களிலிருந்து வந்தவை. ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து, இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் சுவர் தரையிலிருந்து நான்கடி உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிறது. பத்து ஆண்டுகளில் மூன்று முறை சிமெண்ட் பூசிவிட்டோம். இந்த முறை கிரானைட் பலகை பதித்துவிடலாம் என்கிறார்கள். சரியா? (வாசகர், ஊத்துக்குளி)

சரியில்லை. தயவுசெய்து அந்த வேலையை நிறுத்தி வையுங்கள். உங்கள் சுவருக்கு வந்திருக்கும் நோய்க்கு நீங்கள் மருந்து என்று நினைத்துப் பூசிய சிமெண்ட்டே காரணமாக இருக்கலாம் என்பதுதான் என் கருத்து. கிரானைட் பதித்தால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, உள்ளே இன்னும் வேகமாகப் பரவும்.

நம் பக்கத்துப் பழைய சிற்றாலயங்கள் பெரும்பாலும் கருங்கல் அடித்தளத்தின் மேல், செங்கல்லையோ கல்லையோ மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. அந்தச் சுவர்கள் தரை ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடவும் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால், மழைக்காலத்தில் ஏறிய ஓதம் பங்குனி, சித்திரை வெயிலில் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. அது வழியை அடைத்துவிடுவதால், ஈரம் வெளியேற இடம் தேடிச் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுபோய், காய்கிற இடத்தில் படிகமாக விட்டுவிடுகிறது. அந்தப் படிகம் பெருத்துப் பூச்சைத் தள்ளும்போதுதான் நீங்கள் சொல்லும் பொருமலும் உதிர்தலும் உண்டாகின்றன. முதல் முறை இரண்டடி உயரத்தில் இருந்த ஈரம் மூன்றாம் முறை நான்கடிக்கு வந்ததா என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் சுவரைத் தொடாதீர்கள். வெளியே போய்த் தரையைப் பாருங்கள். பல ஊர்களில் கோயிலைச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு மண் கொட்டி, அதன் மேல் சிமெண்ட் தளமும் போட்டு, வெளித் தரை உள்தரையைவிட உயர்ந்துபோயிருக்கும். அந்த மண்ணை அகற்றி, கூரைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் ஓடிப்போக வாட்டம் வையுங்கள். சுவரை ஒட்டிய சிமெண்ட் தளத்தை மூன்றடி அகலத்துக்கேனும் பெயர்த்துவிட்டுச் சரளை நிரப்புங்கள். அதன் பிறகு சிமெண்ட் பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு ஓரடி மேல் வரை கவனமாகக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். திருவிழா வருகிறதே என்று அவசரப்படாதீர்கள். காய்ந்த சுவரில் நன்றாகத் தாளித்துப் புளிக்க வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணலோ அரைத்த மணலோ மூன்று பங்கு என்ற கணக்கில் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். பழைய கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்தார்கள். சிவன் கோயில், பெருமாள் கோயில் திருப்பணிகளில் வேலை செய்யும் கொத்தனார்களுக்கு இந்தக் கைப்பக்குவம் இன்றும் தெரியும். அவர்களை அழைப்பதில் தயக்கம் வேண்டாம். மதுக்கரையில் 1930-களில் சிமெண்ட் ஆலை வருவதற்கு முன்பு, எல்லாக் கோயிலுக்கும் ஒரே சுண்ணாம்புதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றாலயத்தில், சக்கிறீஸ்து எனப்படும், குரு பூசைக்கு உடை அணியும் அறையின் கதவுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகல இடத்தை ஒரு சின்னக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். மேலே இப்போதைய பிளாஸ்டிக் பெயிண்ட். அதன் கீழே ரோஜா நிறம். அதன் கீழே எண்ணெய்ப் பச்சை. பிறகு நீலம் கலந்த சுண்ணாம்பு. அதற்கும் கீழே பனையோலை அடுக்கியது போல மெல்லிய வெள்ளைப் படலங்கள், ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒன்று என அடித்தவை. எல்லாவற்றுக்கும் அடியில், மூலப்பூச்சின் மேல், ஒரு விரல் அகலக் காவிப்பட்டையும் அதன் மேல் கையால் வரைந்த கொடியும் இலையும் இருந்தன. இலையின் ஒரு பக்கம் மட்டும் தூரிகை சற்று அழுந்தியிருந்தது. சுவர் முழுவதும் அந்தக் கொடி ஓடியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நான் போனபோது அந்தச் சுவர் ஐந்தடி உயரத்துக்குக் கொத்தப்பட்டு, வழவழப்பான ஓடு பதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கொடியைப் பார்த்தவன் என்ற முறையில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கொத்துவதற்கு முன் நான்கைந்து இடங்களில் சுரண்டிப் பார்த்து, ஒளிப்படம் எடுத்து வையுங்கள்.

எங்கள் கோயிலின் முகப்புச் சுவர் பின்னாலுள்ள கூரையைவிட உயரமாக எழும்பி, இருபுறமும் யானைத் தும்பிக்கை போலச் சுருண்டு இறங்குகிறது. சன்னல்களோ மேலே கூர்மையாக இருக்கின்றன. இது எந்த நாட்டுப் பாணி? (வாசகி, கருமத்தம்பட்டி)

ஒரு நாட்டுப் பாணி என்று சொல்ல முடியாது. மூன்று நூற்றாண்டுகளின் கைகள் அதில் இருக்கின்றன.

அந்தச் சுருளுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. ஐரோப்பியப் பெருங்கோயில்களில் நடுக்கூடம் உயரமாகவும் பக்கக்கூடங்கள் தாழ்வாகவும் இருக்கும். முகப்பைப் பார்க்கும்போது அந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவே ஒரு வெட்டுப்போல இடைவெளி தெரியும். அதை மறைக்க, இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துச் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் 1470-ல் முடிந்த முகப்பில், ஆல்பெர்த்தி என்னும் கலைஞர் இருபுறமும் பெரிய சுருள்களை வைத்தார். உரோமையில் 1584-ல் நிறைவடைந்த, இயேசு சபை என்னும் துறவற சபையாரின் தாய்க்கோயில் அந்த உத்தியை எடுத்துக்கொண்டது. இயேசு சபையார் எங்கெல்லாம் போனார்களோ அங்கெல்லாம் சுருளும் போயிற்று. பழைய கோவாவில் 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜேசு ஆலயத்திலும் அதைக் காணலாம். உங்கள் கோயிலில் பக்கக்கூடமே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். மறைக்க எதுவும் இல்லாதபோதும் சுருள் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. கோயில் என்றால் முகப்பு இப்படி இருக்க வேண்டும் என்ற நினைவு மட்டும் கொத்தனாரின் கையில் தங்கிவிட்டது. அந்தக் கொத்தனாருக்கு யாளியும் மகரமும் சுதையில் செய்து பழக்கம். ஆகவே சுருளின் முனையில் அவர் தாமரை மொட்டு வைத்தார், சில ஊர்களில் தும்பிக்கை போலவே வளைத்தார். உங்கள் கண்ணுக்குத் தும்பிக்கை தெரிந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கூர்முனைச் சன்னல் பிற்காலத்தது. 1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776-ல் தமிழகத்துப் பணித்தளங்கள் பாரிஸ் வேதபோதக சபையாரின் பொறுப்புக்கு வந்தன. கோயம்புத்தூர் 1850-ல் தனிப் பணித்தளமாகி, 1886-ல் மறைமாவட்டம் ஆயிற்று. அந்தப் பிரஞ்சுக் குருக்களின் சொந்த ஊர்க் கோயில்களில் இருந்தது கூர்வளைவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் அந்தப் பாணியே மீண்டும் தழைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கை அகல வளைவை மரச்சட்டத்தில் தாங்கிச் செங்கல்லால் கட்டுவது நம் கொத்தனாருக்குக் கடினமும் அல்ல.

முகப்புக்கு முன்னால் தூண் வைத்த ஆசாரம் (திறந்த முன்கூடம்) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அது நம் தொட்டிக்கட்டு வீடுகளிலிருந்து வந்தது. பூசைக்கு வெளியூரிலிருந்து நடந்து வந்தவர்கள் இரவு படுத்துக்கொள்ளவும், குருவாகிய சாமியார் வரும்வரை, வேதம் கற்பிக்கும் உபதேசியார் பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக்கொடுக்கவும் அந்த இடம் பயன்பட்டது. கிரில் கதவு போட்டு அடைத்துவிடாதீர்கள்.

ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாமா? (வாசகர்கள், பல்லடம், அவிநாசி, கோபிசெட்டிபாளையம்)

மூன்று ஊர்களிலிருந்து ஒரே கேள்வி. மண்சாந்துச் சுவரின் தலையில் கான்கிரீட் தளத்தின் பாரத்தை ஏற்றுவது பாதுகாப்பானது அன்று. அதற்கு உள்ளே புதிதாகத் தூண் எழுப்ப வேண்டும், அப்போது பழைய கோயில் வெறும் உறையாகிவிடும். வெயிலில் நம் பக்கத்துக் கான்கிரீட் தளத்தின் கீழ் நண்பகலில் உட்கார்ந்தவர்களுக்கு மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஓடு நாட்டு ஓடா, சீமை ஓடா என்று பாருங்கள். வளைந்த சிறு நாட்டு ஓடு அருகிலுள்ள குயவர் சூளையில் சுட்டது. தட்டையாய், ஒன்றோடொன்று கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும் ஓட்டை 1865-ல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் முதன்முதலாகத் தொழிற்சாலையில் செய்தார்கள். சீர்திருத்தச் சபையாரின் சூளையில் பிறந்த ஓடு, பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து நம் கத்தோலிக்கச் சிற்றாலயங்களை மூடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ஓட்டின் அடிப்பக்கத்தில் ஊர்ப்பெயரும் முத்திரையும் அழுத்தியிருக்கும். ஒவ்வொன்றையும் கழுவிப் படியுங்கள். நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடுகள் வேண்டும். உடைந்தவற்றுக்கு மாற்றாக, இடிக்கப்படும் பழைய நூற்பாலைக் கிடங்குகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் நல்ல ஓடுகள் கிடைக்கின்றன.

ஓட்டைத் தாங்கும் கைமரம் பனையாக இருந்தால் அதை மாற்றாதீர்கள். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைக் கரையான் எளிதில் தொடாது. பெரும்பாலும் பழுதாவது மேலே அடித்த சட்டமும், சுவருக்குள் புதைந்திருக்கும் கைமர நுனியும்தான். நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடத் தெரிந்த தச்சர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்.

அந்தோணியார் சுரூபம் இரண்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று புதிதாக வந்த பங்குத்தந்தை சொல்கிறார். ஊரில் வருத்தம். (வாசகி, சத்தியமங்கலம்)

உரோமைத் திருப்பலி நூலின் பொது நெறிமுறைகளில், 318-ஆவது எண், ஒரே புனிதருக்கு வழக்கமாக ஒரு சுரூபத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்கிறது. அந்த வகையில் உங்கள் பங்குத்தந்தை சொல்வதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருவர் பழுப்பு அங்கியும் மூன்று முடிச்சுக் கயிறும் அணிந்து, கையில் குழந்தை இயேசுவையும் லீலி மலரையும் ஏந்தியிருக்கிறார். அவர் 1231-ல் இறந்த பதுவை நகர் அந்தோணியார். மற்றவர் வெள்ளைத் தாடியுடன் தடி ஊன்றி நிற்கிறார். காலடியில் ஒரு பன்றி இருக்கிறது. அவர் எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்த, நான்காம் நூற்றாண்டில் இறந்த வனத்து அந்தோணியார். இருவரும் வெவ்வேறு புனிதர்கள். இரண்டாவது சுரூபத்தின் பன்றியைப் பூச்சாடி மறைத்திருந்ததால் குழப்பம் வந்திருக்கிறது. சாடியை நகர்த்திவிட்டுப் பங்குத்தந்தையிடம் பணிவோடு காட்டுங்கள்.

சிலுவைப் பாதைப் படங்கள் பூச்சி அரித்துவிட்டன. பைபரில் செய்த புடைப்புச் சிற்பங்களை வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். பழைய படங்களை என்ன செய்வது? (வாசகர், திருப்பூர்)

நிலைகள் பதினான்கு என்று 1731-ல் நிலைப்படுத்தியவர் திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட். படமோ சிற்பமோ பக்திக்குத் துணை. மரபின்படி மந்திரிக்கப்படுவதும் இன்றியமையாததும் ஒவ்வொரு நிலைக்கும் மேலே இருக்கும் சின்ன மரச்சிலுவை. பழைய சட்டங்களைக் கழற்றும்போது முதலில் அந்தப் பதினான்கு சிலுவைகளையும் எண்ணி எடுத்து வையுங்கள். பல ஊர்களில் படத்தோடு சேர்த்து அவற்றையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

படங்களைப் பொறுத்தவரை, அவை பெரும்பாலும் ஐரோப்பாவில் கல்லச்சில் அடித்து வந்த வண்ணத் தாள்கள். கீழே பிரஞ்சு வரி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் படமும் கெட்டிருக்காது. கெடாதவற்றைப் புதிய கண்ணாடியில், சுவரை நேரடியாகத் தொடாதபடி பின்னால் சிறு மரத்துண்டு வைத்து மாட்டுங்கள், ஓதம் படாது. புதிய சிற்பம் வாங்க மனமுள்ள அன்பர் அந்தப் பணத்தைச் சட்டம் போடுவதற்குத் தந்தால் கோயிலுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை என்பேன்.

சுவரோடு ஒட்டிக் கட்டிய பழைய சுதைப்பீடத்தை இடித்தால்தான் இடம் கிடைக்கும். சங்கம் அதைத்தான் சொல்கிறது என்கிறார்கள். உண்மையா? (வாசகர், தாராபுரம்)

உண்மையில்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் கொங்குநாட்டில் எத்தனை பீடங்கள் போய்விட்டன என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் பழைய பீடத்தை இடிக்கச் சொல்லும் வரி இல்லை. குரு சுற்றி வரவும் மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றவும் ஏதுவாகப் பீடம் சுவரிலிருந்து தனித்து நிற்பது நல்லது என்ற வழிகாட்டுதல் 1964-ல் வந்தது. பழைய பீடத்தைப் பற்றியோ, திருப்பலி நூலின் பொது நெறிமுறைகள் 303-ஆவது எண்ணில் தெளிவாகவே பேசுகின்றன: அதன் கலை மதிப்புக்குக் கேடில்லாமல் நகர்த்த முடியாது என்றால், அதை அப்படியே விட்டு, முன்னால் கலைநயத்தோடு வேறொரு நிலையான பீடம் அமைக்கலாம், வழிபாட்டு வேளையில் பழையதைத் தனியாக அலங்கரிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உங்கள் கோயிலில் பீடமுற்றம் எட்டடி ஆழம்தான் என்கிறீர்கள். எட்டடியில் முடியும். முன்பீடம் மேசைபோல் சிறியதாக, நான்கடி நீளத்துக்குள் இருக்கட்டும். திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் ஒரே கருங்கல்லில் கேளுங்கள்; பளபளப்பு ஏற்றாமல், உளி பட்ட முகத்தோடு விட்டுவிடச் சொல்லுங்கள். பழைய பீடத்தின் நடுவில் உள்ள நற்கருணைப் பேழை அங்கேயே இருக்கலாம். அதன் பக்கத்தில் அணையா விளக்குக்கு எண்ணெயோ மெழுகோதான் வேண்டும் என்று 316-ஆவது எண் சொல்கிறது. சிவப்பு மின்பல்பைக் கழற்றிவிட்டு எண்ணெய் ஊற்றும் முறையைப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருவராகப் பழக்கலாம்.

இடிக்கும் முன் பழைய பீடத்தை ஒரு மாலை வேளையில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத வேலைப்பாடு அப்போது எழுந்து வரும்: கோதுமைக் கதிர், திராட்சைக் கொத்து, தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பெலிக்கன் பறவை. அந்தப் பறவையைக் கண்டிராத நம் கொத்தனார் அதைக் கொக்காகவோ மயிலாகவோ செய்திருப்பார். அதுவும் தங்கட்டும்.

கொடிமரம், குத்துவிளக்கு, தரையில் உட்காருதல் ஆகியவை இந்துக் கோயிலைப் பார்த்துச் செய்வது என்று வெளியூர் உறவினர் ஒருவர் குறை சொல்கிறார். (வாசகி, ஈரோடு)

அவரிடம் கோபப்படாமல் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். ஒன்று, திருவழிபாட்டு ஏட்டின் 123-ஆவது எண், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாக வைத்துக்கொண்டதில்லை என்று சொல்கிறது. மற்றொன்று, 1969-ல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை ஒப்புதல் தந்த 12 வழிபாட்டு ஏற்பாடுகளில் தரையில் அமர்வதும், காலணி கழற்றுவதும், கைகூப்பி வணங்குவதும், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதும் அடங்கும். இவற்றுக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காவி உடுத்தி மதுரையில் வாழ்ந்து, 1620-களில் சேலம், சேந்தமங்கலம் பக்கம் நடந்தவர் இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி. திருவிழாவின் முதல் நாள் புனிதரின் படக்கொடி ஏறுவதைப் பார்த்துக் கண் கலங்கும் ஊரில் அந்த மரம் யாரிடமிருந்தும் கடன் வாங்கியது அன்று. கொடிமரத்தின் அடியை மட்டும் கவனியுங்கள்: கான்கிரீட்டுக்குள் நேரே புதைத்த மரம் கழுத்தில் அழுகும். கல்மேடையில் இரும்புக் காதுகளுக்கு நடுவே நிறுத்தி ஆணியால் கோத்தால், விழா முடிந்ததும் சாய்த்து எண்ணெய் பூச முடியும்.

வாசல் மேலுள்ள அரைவட்டத்தில் வண்ணக் கண்ணாடி சில உடைந்துவிட்டன. (வாசகர், கோயம்புத்தூர்)

அது ஈயப்பட்டியில் கோத்து உருவம் தீட்டிய கண்ணாடி ஓவியம் இல்லை. தேக்குச் சட்டத்தில் மக்குப் பூசிப் பதித்த நிறக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் வண்ணத்தாள் ஒட்டாதீர்கள், இரண்டு கோடையில் வெளுத்துவிடும். உள்ளேயே நிறம் ஊறிய கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். பழைய பங்களா சன்னல்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு அந்த நிறம் தரையில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று முடிவு செய்யுங்கள்.

லூர்து மாதா கெபியும் (குகை வடிவ மாடம்) சுரூபமும் மங்கிவிட்டன. பெயிண்டர் தங்க நிறத்தில் முழுவதும் அடித்துத் தருகிறேன் என்கிறார். (வாசகர், சோமனூர்)

1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை லூர்து நகர்க் குகையில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி பதினெட்டு முறை கண்ட காட்சியை வைத்து, 1864-ல் பாபிஷ் என்னும் சிற்பி செய்த சுரூபத்தின் வடிவம்தான் உலகெங்கும் பரவியது. நம் பகுதியில் பணி செய்தவர்கள் பிரஞ்சுக் குருக்கள் என்பதால், கொங்குநாட்டுக் கிராமங்களில் கெபி இத்தனை உள்ளதில் வியப்பில்லை. அந்தச் சிறுமி சொன்ன அடையாளங்கள் தெளிவானவை: வெள்ளை உடை, வெள்ளை முக்காடு, நீல இடைக்கச்சை, கையில் செபமாலை, ஒவ்வொரு பாதத்தின் மேலும் ஒரு மஞ்சள் ரோஜா. முழுவதும் தங்க நிறம் அடித்தால் அது லூர்து மாதா ஆகாது.

பழைய சுரூபம் என்றால் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக ஒலித்தால், பாரிசில் சான் சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகளில் அந்நாளில் வார்த்து அனுப்பிய சாந்துச் சுரூபங்களின் இனமாக இருக்கலாம். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உப்புத்தாள் போடக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, நிறம் போன இடத்தில் மட்டும் தொட்டு நிரப்ப வேண்டும். வெளியில் கெபிக்குள் வெயில் மழையில் நிற்க அந்தச் சாந்து தாங்காது. அதைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டு, கெபிக்குக் கல் சுரூபம் ஒன்று செய்து வையுங்கள்.

எங்கள் கோயில் மணியின் ஒலி உடைந்துபோய்விட்டது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியைப் போடுகிறோம். வேறு வழி உண்டா? (வாசகர், காங்கேயம்)

இரண்டு வேலைகள் செய்து பார்க்கலாம். மணியைக் கீழே இறக்கி, விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். வெடிப்பு இல்லையென்றால், நாக்கு ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் அடித்து விளிம்பு தட்டையாகியிருக்கும், அல்லது நாக்கின் தொங்கல் தளர்ந்து இரட்டையாக இடிக்கும். மணியைக் கால் சுற்றுத் திருப்பிக் கட்டி, நாக்குப் புதிய இடத்தில் அடிக்கும்படி செய்தால் பழைய குரல் பெரும்பாலும் திரும்பிவிடும். வெடிப்பு இருந்தால் ஊர்ப் பட்டறையில் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த அந்த உலோகம் சீரற்ற சூட்டில் இன்னும் விரியும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோகும் வரை வெடித்த மணியை அடிக்காமல் வையுங்கள்.

மூவேளைச் செபத்துக்கு மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒன்பது என்று அடிக்கும் கணக்கு உங்கள் கோயில் பணியாளரான கோயில் பிள்ளைக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். மணி சரியானதும் அவர் பக்கத்தில் ஒரு சிறுவனை நிறுத்திக் கயிற்றின் நுனியை அவன் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள்.